எச்சரித்துவிட்டு ஓடுவதா, அங்கேயே நிற்பதா?

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை, வேடசந்தூர் பக்கம் போனால் வழிநெடுக நூல் மில்கள். ஏதாவது ஒரு மில்லுக்குள் போய் டிரா ஃப்ரேம் முன்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். பின்னாலிருந்து ஏறும் ஸ்லைவர் என்ற பஞ்சுத் திரிகளில் ஒன்று அறுந்தால் போதும், விளக்கு எரிந்து இயந்திரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆள் வந்து ஒட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். ரிங் ஃப்ரேமில் நடப்பது வேறு. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றில் இழை அறுந்தால் மற்றவை நிற்பதில்லை. அறுந்த இடத்துப் பஞ்சை உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்ள, சைடர் என்ற தொழிலாளி தன் சுற்றில் வரும்போது ஒட்டிவிட்டு நகர்வார்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சேதம் எவ்வளவு தூரம் பரவும் என்ற கணக்கு. டிரா ஃப்ரேமில் ஒரு ஸ்லைவர் குறைந்தது தெரியாமல் ஓடினால் கேனில் விழுவது மெலிந்த ஸ்லைவர். அது ரோவிங்குக்குப் போய், நூலுக்குப் போய், கவுண்ட் கெட்டு, கடைசியில் எங்கோ ஒரு ஊரில் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். ரிங் ஃப்ரேமில் அறுந்த இழையின் நஷ்டம் அந்த ஒரு பாபினோடு முடிந்துபோகிறது. அதற்காக ஆயிரம் கதிர்களை நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம்.

ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் தனக்குள்ளேயே ஏதோ பிசகு இருப்பதைக் கண்டுகொண்டால் என்ன செய்ய வேண்டும்? லினக்ஸ் கர்னலை எழுதுபவர்களிடையே பல ஆண்டுகளாக, சில சமயம் கடுமையான சொற்களோடு, நடந்துவரும் வாதம் இந்த இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில்தான் நிற்கிறது. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை கண்டதும் கர்னல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பொதுவான இயல்பாக இருக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம், நின்றால் வரும் நஷ்டத்தைச் சுமக்கிறவரிடம், அதாவது இயந்திரத்தை வைத்திருப்பவரிடம் இருக்க வேண்டும். ஆனால் ரிங் ஃப்ரேம் நிற்காமல் ஓடலாம் என்பது சைடர் வருவார் என்ற நம்பிக்கையில்தான். அந்தச் சைடர் கணினி உலகில், குறிப்பாக நம் ஊர்களில், பெரும்பாலும் இல்லை. வாதத்தின் இந்தப் பாதியைப் போதுமான அளவுக்கு யாரும் பேசவில்லை என்பதே என் ஆதங்கம்.

நாம் ஓட்டும் ஓர் அப்ளிகேஷனில் தவறு நேர்ந்தால் கர்னல் அதை மட்டும் கொன்றுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். கர்னலுக்குள்ளேயே தவறு என்றால் அதற்கு மேலே முறையிட யாரும் இல்லை. அதனால் கர்னல் எழுதுகிறவர்கள் நிரல் நெடுக சோதனைகளை வைக்கிறார்கள். ‘இந்த எண் இங்கே சுழியாக இருக்கவே கூடாது’, ‘இந்தப் பூட்டைப் பிடிக்காமல் இந்த வரிக்கு யாரும் வந்திருக்கவே முடியாது’ என்ற மாதிரி. வரவே முடியாதது வந்துவிட்டால் லினக்ஸில் மூன்று வழிகள் உண்டு. ‘வார்ன்’ என்பது பதிவேட்டில் உரக்க எழுதிவிட்டு வேலையைத் தொடர்வது. ‘பக்’ என்பது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த புராசஸை அங்கேயே கொல்வது. இந்த நிலைக்கு ‘ஊப்ஸ்’ என்று பெயர். ‘பேனிக்’ என்பது இயந்திரத்தையே நிறுத்துவது.

வார்ன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் சோதனை தோற்றுப்போகும் இடத்தில் ‘யூடி2’ என்ற 2 பைட் கட்டளை உட்கார்ந்திருக்கும். பிராசசருக்கு அது பொருளில்லாத கட்டளை. அதைத் தொட்டதும் பிராசசர் கர்னலின் பிழைப் பிரிவுக்குத் தாவுகிறது. கர்னல் தனியாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. இந்த முகவரியில் இருக்கும் யூடி2 வார்னா பக்கா, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பதெல்லாம் அதில் இருக்கும். வார்ன் என்றால் ‘இங்கே வெட்டுக’ என்ற ஒரு கோடு, அதன் கீழே எந்த சிபியு, எந்த புராசஸ், எந்த வரி, யார் யாரை அழைத்து இங்கே வந்தோம் என்ற முழு வரிசை, எல்லாம் பதிவாகும். கர்னலின் மேல் ‘டபிள்யூ’ என்ற கறை எழுத்து ஒன்று விழும். மறுபடி ரீபூட் செய்யும் வரை அது அழியாது. பிறகு அந்த 2 பைட்டைத் தாண்டி வேலை தொடரும். வார்னுக்கும் பக்குக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அட்டவணையில் இருக்கும் ஒரு குறி மட்டுமே.

ஆதி யூனிக்ஸில் இந்தக் குழப்பமே இல்லை. மல்டிக்ஸ் என்ற பெரிய சிஸ்டத்தில் வேலை பார்த்த டாம் வான் விளெக், தன் நிரலில் பாதி பிழைகளைச் சமாளிப்பதற்கே போகிறது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியிடம் சொன்னாராம். அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம், பிழை வந்தால் பேனிக், உடனே இயந்திரம் நின்றுவிடும், நடைவழியைப் பார்த்துக் குரல் கொடுத்து ரீபூட் செய்யச் சொல்வோம் என்ற பொருளில் ரிட்சி பதில் சொன்னதாக வான் விளெக் எழுதியிருக்கிறார். யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்துக்கு அது சரியான முடிவு. அங்கே நடைவழியில் ஆள் இருந்தார். யூனிக்ஸைப் பாடமாக எடுத்தவர்கள் பேனிக்கை எடுத்துக்கொண்டார்கள். நடைவழியில் இருந்த ஆளை மறந்துவிட்டார்கள்.

லினக்ஸ் வளர வளர, பக் சோதனைகள் கர்னல் முழுக்கப் பரவின. எழுதுகிறவருக்கு அது வசதி. ‘இது நடக்காது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எதிர்ப்பதற்குச் சொல்லும் காரணம் தத்துவமல்ல, நடைமுறை. பக் ஒரு புராசஸைக் கொல்லும்போது அந்த புராசஸ் கர்னலுக்குள் சில பூட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். செத்தவர் கையிலிருக்கும் பூட்டை இனி யாரும் திறக்க முடியாது. அடுத்து அதே பூட்டுக்காக வருகிற ஒவ்வொருவரும் காத்து நிற்க, சற்று நேரத்தில் இயந்திரமே உறைந்துவிடும். பிழைச் செய்தி டிஸ்க்கில் எழுதப்படாமலே போகும். பயனருக்குத் தெரிவது அசையாத திரை. எழுதியவருக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை. பிழையைக் கண்டுபிடிக்க வைத்த சோதனையே பிழையின் தடயத்தை அழித்துவிடுகிறது.

2016 அக்டோபரில் 4.8 பதிப்பு வெளிவந்த கையோடு இது பெரிதாக வெடித்தது. நினைவக மேலாண்மைப் பகுதியில் கடைசி நேரத்தில் சேர்த்த பக் சோதனை ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைச் சாய்த்தது. அந்தச் சோதனை கண்டுபிடித்த பிசகு சின்னது. அது செய்த சேதம்தான் பெரிது. டோர்வால்ட்ஸ் அதைச் சேர்த்தவர்களைக் கடிந்துகொண்டார், அனுமதித்த தன்னையும் கடிந்துகொண்டார். 2022-ல் கர்னலின் நிரல் எழுதும் நெறிகளிலேயே இதற்குத் தனிப் பகுதி வந்தது. பக் வேண்டாம், வார்ன் போடு. அதிலும் ஒரு தடவை மட்டும் எழுதும் வார்னைப் போடு, பதிவேடு நிரம்பி வழிய வேண்டாம். வார்னைக்கூட எளிதில் போடாதே என்று அது சொல்கிறது.

எதிர்த்தரப்புக்கும் வலுவான காரணம் உண்டு. பாதுகாப்புக்காரர்களின் கண்ணில் உள்ளெச்சரிக்கை என்பது ஒருவேளை திருடன் பூட்டில் கை வைத்துவிட்ட சத்தம். அந்த நேரத்தில் எழுதிவைத்துவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால் அடுத்த நொடியில் அவன் உள்ளே இருப்பான். கிர்செக்யூரிட்டி என்ற கடினப்படுத்தப்பட்ட கர்னலில் இதற்கு ஒரு தீர்வு வைத்தார்கள். சந்தேகப்படும்படி ஊப்ஸ் வந்தால், அதற்குக் காரணமான பயனரின் எல்லாப் புராசஸையும் கொன்று, ரீபூட் வரை அவரை உள்ளே விடாமல் பூட்டிவிடுவது. 2017-ல் பயனர் நினைவகத்துக்குத் தரவு நகலெடுக்கும் இடத்தில் புதிய பாதுகாப்புச் சோதனைகளைக் கர்னல் பாதுகாப்பில் வேலை செய்யும் கீஸ் குக் கொண்டுவந்தபோது, முதலில் எச்சரிக்கட்டும், சில பதிப்புகள் கழிந்த பிறகு கொல்லட்டும் என்று டோர்வால்ட்ஸ் காட்டமாகச் சொன்னார். அப்படித்தான் முதலில் எச்சரிக்கும் வழியோடு அது உள்ளே போனது. 2021-ல் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்சாண்டர் போப்போவ் இன்னொன்று சொன்னார். வார்ன் வந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டாம், அதைத் தூண்டிய புராசஸை மட்டும் கொல்லலாம் என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வார்ன் வரும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுக்கும் பிழைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். நெட்வொர்க் கார்டு குறுக்கிட்டபோது அந்த சிபியுவில் யாரோ ஓர் அப்பாவி ஓடிக்கொண்டிருந்திருப்பார். அந்த யோசனை ஏற்கப்படவில்லை. ஏற்காதது சரி என்றே நினைக்கிறேன்.

பாதுகாப்புத் தரப்பு ஓர் இடத்தில் தெளிவாக வென்றது. அந்த வெற்றி எனக்கு மிகவும் பிடித்தமானது. இரு தரப்பையும் தாண்டி விஷயத்தின் உள்ளே போகிறது. கர்னல் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ‘எண்ணி’ ஒன்றில் எண்ணிக்கை வைத்திருக்கும். புராசஸ் ஊப்ஸில் சாகும்போது தன் பங்கை எண்ணியிலிருந்து கழிக்காமல் சாகிறது. ஒரு தடவை என்றால் பாதகமில்லை. தாக்குபவர் வேண்டுமென்றே அதே ஊப்ஸைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினால், 32 பிட் எண்ணி 429 கோடிக்கு மேல் போய் மறுபடி சுழியாகும். பயன்பாட்டில் இருக்கும் நினைவகத்தை யாருமே பயன்படுத்தவில்லை என்று நினைத்துக் கர்னல் விடுவித்துவிடும். வெறும் தொந்தரவாக இருந்த பிழை இயந்திரத்தையே கைப்பற்றும் வழியாக மாறுகிறது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு இதை எடுத்துக் காட்டியது. அந்தக் குழுவின் யான் ஹார்ன் எழுதிய திருத்தத்தால் 6.2 பதிப்பிலிருந்து ஊப்ஸுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: 10,000. அதைத் தொட்டால் பேனிக். வார்னுக்கும் அதேபோல் ஒரு வரம்பு அப்போதே வந்தது, ஆனால் அதன் இயல்பு மதிப்பு சுழி, அதாவது வரம்பில்லை; வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம். மில்லில் இத்தனை கதிர்மணிக்கு இத்தனை அறுப்பு என்று கணக்கு வைத்து, மீறினால் ஈரப்பதத்தையோ பஞ்சையோ போய்ப் பார்ப்பார்களே, அந்த அறிவு கர்னலுக்கு இவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது.

இதே எண்ணிக்கை விஷயத்தில் 2017-ல் வந்த இன்னொரு மாற்றம் நல்ல எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம். புதிய வகை எண்ணி வரம்பைத் தாண்டப்போகிறது என்று தெரிந்ததும் எச்சரிக்கை எழுதிவிட்டு, உச்சத்திலேயே நின்றுகொள்கிறது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அந்த நினைவகம் இனி விடுவிக்கப்படாமல் வீணாகும், வீணானால் போகட்டும். கைப்பற்றும் வழி அடைபட்டுவிட்டது, இயந்திரமும் ஓடுகிறது. வார்னுக்குப் பிறகு அடுத்த வரியில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எழுதுகிறவரின் திறமை. எச்சரித்துவிட்டுக் கெட்ட தரவோடு அப்படியே நடையைக் கட்டும் நிரல்களும் கர்னலில் ஏராளம். அவை ஓடுவதைத் தொடர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இயந்திரம் வைத்திருப்பவர் கையில் கொடுத்த பெரிய சுவிட்ச் 2015-ல் 3.19 பதிப்போடு வந்தது. ‘வார்ன் வந்தால் பேனிக்’ என்ற அமைப்பு. இயல்பாக அணைந்திருக்கும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதைப் போட்டு வைக்கின்றன. அவர்களிடம் ஓர் இயந்திரம் நின்றால் அதன் வேலையை அடுத்தது எடுத்துக்கொள்ளும். சந்தேகத்துக்குரிய இயந்திரத்தை ஓடவிடுவதைவிட நிறுத்திவிடுவது அவர்களுக்கு மலிவு. கர்னலில் பிழை தேடும் சிஸ்பாட் என்ற கூகுளின் தானியங்கியும் அப்படித்தான் ஓடுகிறது. அதற்கு எச்சரிக்கை ஒவ்வொன்றும் பிழை. இதனால் ஒரு விசித்திரம் உண்டானது. எழுதுகிறவர் ‘ஓடட்டும்’ என்று வைத்த வார்ன், ஏராளமான இயந்திரங்களில் ‘நில்’ என்று பொருள்படுகிறது. வெளியிலிருந்து ஒரு சாதாரணப் பயனர் அந்த வார்னைத் தூண்ட முடிந்தால் இயந்திரத்தையே சாய்க்கலாம் என்றாகிறது. 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னல் திட்டம் தன் பாதுகாப்புக் குறைகளுக்குத் தானே சிவிஇ எனப்படும் அடையாள எண்கள் கொடுக்கத் தொடங்கியபோது, இப்படித் தூண்டக்கூடிய வார்ன்களுக்கும் எண் கிடைத்தது. நெறிகள் ஆவணமோ, அந்தச் சுவிட்சைப் போட்டவர்களை நினைத்து வார்ன் போடத் தயங்காதே, போட்டவர்களுக்கு அதன் விளைவு தெரியும் என்கிறது. இரண்டும் முழுசாகப் பொருந்திப்போவதில்லை. எனக்கு நெறிகள் ஆவணத்தின் பக்கமே சாய்வு. சுவிட்சைப் போடுகிறவர் அதன் பாரத்தையும் சுமக்கட்டும். ஆனால் வெளியாள் தூண்டக்கூடிய இடத்தில் வார்னே இருக்கக் கூடாது, சாதாரணப் பிழைச் செய்தி போதும். அதையும் நெறிகள் சொல்கின்றன; கடைப்பிடிப்பதுதான் குறைவு.

இதெல்லாம் எங்கோ டேட்டா சென்டரில் நடக்கும் சங்கதி என்று தோன்றலாம். நம் பக்கத்தில் பல பெட்டிகளில் பார்த்திருக்கக்கூடிய ஒரு வார்னை எடுத்துக்கொள்வோம். மில் அலுவலகங்களிலும் கடைகளிலும் சர்வர் என்ற பெயரில் ஓடுவது பல இடங்களில் சாதாரண டெஸ்க்டாப் பெட்டிதான். அதன் போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப் பெரும்பாலும் ரியல்டெக். அதில் லினக்ஸ் ஓடினால் டிரைவர் பெயர் ஆர்8169. அனுப்பக் கொடுத்த பாக்கெட் சில வினாடிகள் ஆகியும் போகவில்லை என்றால் ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்ற பெயரில், டிரான்ஸ்மிட் கியூ நேரம் தாண்டிவிட்டது என்று, 2023 வரை வந்த கர்னல்களில், ஒரு நீண்ட வார்ன் பதிவாகும். அதன் கோப்பு, வரி, அழைப்பு வரிசை எல்லாம் பார்த்தால் கர்னலுக்கே ஆபத்து வந்ததுபோல இருக்கும். அடுத்த கணம் டிரைவர் சிப்பை ரீசெட் செய்யும், நெட்வொர்க் திரும்ப வரும். காரணம் டிரைவர் பிழையாக இருக்கலாம். பாழான கேபிள், சூடேறிய ஸ்விட்ச், ஆடும் வோல்டேஜ் என்றும் இருக்கலாம். அந்தப் பெட்டியில் யாராவது இணையத்தில் படித்துவிட்டு ‘வார்ன் வந்தால் பேனிக்’ சுவிட்சைப் போட்டிருந்தால்? ஒரு கேபிளின் கோளாறு சர்வரையே சாய்த்துவிடும்.

இந்த வார்னில் இன்னொரு குறை மறைந்திருந்தது. அது ஒரே ஒரு தடவை எழுதும் வகை. முதல் தடவை முழு வரிசையும் வரும். அதற்குப் பிறகு அதே கோளாறு எத்தனை முறை வந்தாலும், ரீபூட் வரை அந்த இடத்திலிருந்து ஒரு வரியும் வராது. பல மாதங்கள் நிற்காமல் ஓடும் சர்வரில் ஒரே ஒரு பழைய எச்சரிக்கை கிடக்கும். பார்க்கிறவர் எப்போதோ ஒருமுறை நடந்தது என்று விட்டுவிடுவார். 2023 இறுதியில் நெட்வொர்க் பகுதியைப் பராமரிக்கும் யாகூப் கிச்சின்ஸ்கி இந்த இடத்திலிருந்து வார்னையே எடுத்துவிட்டார். வார்ன் என்பது கர்னலை எழுதியவரின் பிழையைப் பிடிக்கத்தான். வெளிச் சூழலால் கியூ நின்றுபோனால் அது பிரச்சினைதான், ஆனால் கர்னலைத் திருத்தித் தீராது என்பது அவர் வாதம். செய்தி இருக்கிறது, வார்னின் ஆர்ப்பாட்டம் இல்லை. அந்த முடிவுக்கு நான் கை தட்டுவேன். எழுதியவரிடம் சொல்ல வேண்டியது, ஊரில் இருக்கும் டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டியது என்று இரண்டு வகைப் பிசகு உண்டு. டெக்னீஷியனுக்கு அழைப்பு வரிசையால் பயனில்லை. ‘கேபிளைப் பார்’ என்று தோன்ற வைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு தடவையும் வந்தால் போதும்.

ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே ஒரு வழியை ஃபைல்சிஸ்டம் எழுதியவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இஎக்ஸ்டி4-ல் டிஸ்க்கின் அமைப்பில் முரண் தெரிந்தால் தொடரலாம், பேனிக் ஆகலாம், அல்லது படிக்க மட்டும் விட்டு எழுதுவதை நிறுத்திவிடலாம். மூன்றாவதுதான் டெபியன் வழி லினக்ஸ்களில் நிறுவும்போதே ரூட் பகுதிக்கு வருவது. கணக்குப் புத்தகம் கிழிய ஆரம்பித்ததும் பேனாவைப் பிடுங்கிவிடுகிறார்கள், புத்தகம் கையிலேயே இருக்கிறது. கர்னலின் மற்ற பகுதிகளில் இந்த மாதிரி நடுவழி மிகக் குறைவு. ரஸ்ட் மொழி 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு கர்னலுக்குள் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. ரஸ்ட் பிழை கண்டால் பேனிக் ஆகிற பழக்கம் உள்ளது, நினைவகம் கிடைக்காவிட்டால்கூட. கர்னலுக்கு அது ஒத்துவராது என்று டோர்வால்ட்ஸ் பிடிவாதமாக நின்றார். நினைவகம் கேட்கும் இடங்களில் தோல்வியைத் திருப்பிச் சொல்லும்படி மாற்றி எழுதினார்கள்.

நிறுத்துவது பாதுகாப்பானது என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அதைக் கண்ட திசைக் கணினி, வடிவமைத்தபடி, தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியும் அதே நிரலில், அதே காரணத்துக்காக ஏற்கனவே நின்றிருந்தது. அந்தக் கணக்கீடு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே படாத ஒன்று. ஒரு முக்கியமற்ற பகுதியின் பிசகுக்காக முக்கியமானது முழுக்க நின்றது. கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் ராக்கெட் சிதறியது.

அடுத்தது 2024 ஜூலை 19. நம் நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தகவல் கோப்பு, விண்டோஸ் கர்னலுக்குள் ஓடும் அதன் டிரைவரைத் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைப் படிக்க வைத்தது. கர்னல் நீலத்திரை காட்டி நின்றது. ரீபூட் ஆனதும் அதே கோப்பு, அதே நீலத்திரை. 10.57-க்குள் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் விழுந்தவை தாமாக எழ முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் இயந்திரங்கள். சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் விண்டோஸ் நின்றதைக் குறை சொல்ல முடியாது. அது எச்சரிக்கை நிலையைத் தாண்டிய பிழை. ஆனால் நின்றவர் மறுபடி எப்படி எழுவது என்பதை யோசிக்காமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது. பாதிக்கப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆள் நேரில் போய், பாதுகாப்பு முறையில் திறந்து, கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திண்டுக்கல்லில் லினக்ஸ் கர்னல் இல்லாத தெரு இல்லை. ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும், வைஃபை ரூட்டர்களிலும், சிசிடிவி பெட்டிகளிலும் பெரும்பாலும் அதுதான். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டிலேயே ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் உண்டு. செட்யூலிங், டெட்லாக், பேஜிங் எல்லாம் படிக்கிறார்கள். கர்னல் தன்னையே சந்தேகப்படும்போது என்ன செய்கிறது என்பது அந்தப் பாடத்தில் ஒரு பக்கம்கூடத் தேறாது. கர்னல் பதிவேட்டைத் திறந்து ஒரு வார்னை முழுசாகப் படித்த மாணவரைப் பார்ப்பது அபூர்வம். இங்கே அந்தத் திறன் கொண்ட பிள்ளைகள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படிக்கச் சொன்னவர் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ‘எச்சரித்துவிட்டு ஓடு’ என்ற கொள்கை கலிபோர்னியாவில் ஒரு பொருளும் நம் ஊரில் வேறொரு பொருளும் கொள்கிறது. அங்கே வார்ன் ஒரு கண்காணிப்புக் குழுவின் திரையில் போய் நிற்கும். இங்கே அது நினைவகத்தில் இருக்கும் வட்டப் பதிவேட்டில் விழுந்து, புதிய செய்திகள் வர வர அழிந்துபோகும். சில நிறுவல்களில் பதிவேடு டிஸ்க்கில் சேமிக்கப்படுவதே இல்லை. கரண்ட் போனதும் அதுவும் போச்சு. நிறுத்தும் வழியும் அப்படித்தான். லினக்ஸில் பேனிக் என்றால் ரீபூட் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இயல்பு அமைப்பில் ரீபூட் காத்திருப்பு நேரம் சுழி. அதன் பொருள் ‘உடனே’ அல்ல, ‘எப்போதும் இல்லை’. யாராவது வந்து பட்டனை அழுத்தும் வரை இயந்திரம் செத்தபடியே கிடக்கும். இரவு ஷிப்டில் அலுவலக அறை பூட்டியிருக்கும்.

ஆகவே இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு அமைப்பு வேண்டும். சிசிடிவி, ரூட்டர் மாதிரி யாரும் படிக்காத, இழக்கத் தரவு அதிகமில்லாத பெட்டிகளில் ஊப்ஸ் வந்தால் பேனிக், பேனிக் ஆனால் 10 வினாடியில் ரீபூட் என்று வைப்பது நல்லது. வார்னுக்கு ஒரு வரம்பு, நூறோ ஆயிரமோ. கணக்கும் ஸ்டாக்கும் இருக்கும் சர்வரில் வார்ன் வந்தால் ஓடட்டும். ஊப்ஸ் வந்தால் நிற்கட்டும். செத்தவர் பிடித்த பூட்டோடு கணக்கு எழுதக் கூடாது. ஃபைல்சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகட்டும். பதிவேட்டை டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லுங்கள். நெட்கன்சோல் என்ற வசதி கர்னலின் செய்திகளை அடுத்த மேஜையில் இருக்கும் கணினிக்கு உடனுக்குடன் அனுப்பும். அதற்குத் தனிச் செலவு இல்லை. 6.2-க்குப் பிந்தைய கர்னலில் இதுவரை எத்தனை வார்ன், எத்தனை ஊப்ஸ் என்று இரண்டு எண்கள் கோப்புகளாகவே கிடைக்கும். மாதம் ஒருமுறை அவற்றை ஒரு நோட்டில் குறித்தாலே போதும், எந்தப் பெட்டி நோய்ப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கல்லூரி ஆய்வகங்களில் மட்டும் ‘வார்ன் வந்தால் பேனிக்’ சுவிட்சைத் தயங்காமல் போடலாம். அங்கே நின்றால் நஷ்டமில்லை, நின்ற இடம்தான் பாடம்.

கர்னல் எழுதுகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எச்சரிக்கை யாருக்கு எழுதப்படுகிறது என்பதை அவர்கள் இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நெடுங்காலம் வரைகலைத் திரையில் இருக்கும்போது பேனிக் வந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. சில விசைப்பலகைகளில் கேப்ஸ் லாக் விளக்கு மின்னும், அவ்வளவே. 2024-ல் 6.10 பதிப்பில் பேனிக் செய்தி திரையிலேயே தெரியும் வசதி வந்தது. அதே ஆண்டு 6.12-ல் அந்தச் செய்தியும் அதற்கு முந்தைய பதிவுகளும் ஒரு கியூஆர் குறியாகத் திரையில் வர வழி செய்தார்கள். அந்தப் பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. இரவு ஷிப்டில் இருக்கும் சூப்பர்வைசருக்குக் கர்னல் என்றால் என்ன என்று தெரிய வேண்டியதில்லை. போனில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினால் ஊரில் எங்கோ இருக்கும் டெக்னீஷியன் முழுப் பதிவையும் படித்துவிட முடியும். பேனிக்குக்குக் கிடைத்த இந்த வழி வார்னுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் தன் எச்சரிக்கையை அதே சூப்பர்வைசரின் கண்ணில் படும்படி, ‘இதைப் படம் எடுத்து அனுப்பு’ என்று ஒரு வரியோடு, தமிழிலேயே காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதுவதற்குக் கர்னலைத் தொடவே தேவையில்லை. பதிவேட்டைப் படித்து, எண்களைப் பார்த்து, குறியாக்கி, திரையில் வைக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர் இரண்டு பேர் ஒரு செமஸ்டரில் செய்து முடிக்கிற வேலை.